லாபமில்லாத மருந்தை யார் தேடுவார்?

வணிகச் சகோதரர்களே! உங்களிடம் ஒரு கேள்வி. லாபம் வராது என்று தெரிந்த சரக்கில் யாராவது முதல் போடுவாரா? மாட்டார். மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தான். அப்படியானால் புற்றுநோய் வந்த ஏழைக்கு மலிவான மருத்துவத்தைத் தேடித் தரப்போவது யார்?

மும்பை பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையைப் பாருங்கள். 1941-ல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனை 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. 'புதிதாக என்ன மருந்து வந்திருக்கிறது?' என்பதோடு அங்குள்ள மருத்துவர்கள் நிற்கவில்லை. 'எவ்வளவு குறைந்த செலவில் இந்த உயிரைக் காக்கலாம்?' என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் நமக்கு முக்கியம்.

நூறு ரூபாய் ஊசி

பல் பிடுங்கும்போது மரத்துப் போக ஊசி போடுகிறார்கள் அல்லவா? அந்த லிடோகெயின் மருந்தை, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அறுவையின்போது நோய் பரவுவதை அது தடுக்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில் 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்களிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 86 பேரும், போட்டவர்களில் 90 பேரும் உயிரோடு இருந்தனர். மருந்தின் விலையோ நூறு ரூபாய்க்கும் குறைவு!

நாலு உயிர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த நால்வரில் ஒருவர் உங்களைப் பெற்ற தாயாக இருக்கலாம். காப்புரிமை இல்லாத பழைய மருந்துக்காக எந்தக் கம்பெனி பத்தாண்டுக் காலம் பணத்தைக் கொட்டும்? சிந்தியுங்கள்!

நிவோலுமாப் என்ற மருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பிப் புற்றுநோயோடு மோத வைக்கிறது. வழக்கமான அளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். விலையோ பலருக்கு எட்டாதது. டாட்டா மருத்துவர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஆறு வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 720 எங்கே, 40 எங்கே! 151 பேரிடம் நடந்த ஆய்வு இது. மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். மாத்திரைகளோடு இந்தச் சிறு அளவையும் பெற்றவர்களில் 43 பேர். முழு அளவு மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. ஆனால் முழு அளவை வாங்க வழியே இல்லாதவனுக்கு இது பெரிய வாசல்.

நோயாளியின் ரத்த அணுக்களையே எடுத்து, மாற்றியமைத்து, திரும்பச் செலுத்தும் 'கார்-டி' சிகிச்சையும் மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மருத்துவமனையும் கைகோத்ததால் உருவானது. 2023-ல் அனுமதி கிடைத்தது. சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கான இச்சிகிச்சைக்கு வெளிநாட்டில் கோடிகள் ஆகும். இங்கே அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் அதுவும் லட்சங்களே! ஆகவே வேலை முடிந்துவிடவில்லை.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதல்ல. டாட்டா மருத்துவமனை முன்னின்று நடத்தும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பின் 23 மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து 40 மருந்துகளுக்கு விலை பேசின. மிச்சமானது சுமார் 1,320 கோடி ரூபாய்! ஒற்றுமை என்பது மேடைப் பேச்சுக்கு மட்டுமல்ல, கல்லாப்பெட்டிக்கும் பொருந்தும் பாடம்.

நாம் செய்ய வேண்டியது

ஆராய்ச்சி என்றதும் 'நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்று ஒதுங்குவோர் உண்டு. உங்கள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஆய்வில் சேர்க்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கேளுங்கள், படியுங்கள், பிறகு முடிவெடுங்கள். இளைஞர்களே, வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

கம்பெனி செய்யாத ஆராய்ச்சியை அரசுதான் செய்ய வேண்டும். அதற்கு மக்கள் கேட்க வேண்டும். சாலையும் குடிநீரும் கேட்டு மனுக் கொடுக்கிறோம். ஆராய்ச்சிக்கும் மருந்துக்கும் நிதி ஒதுக்கு என்று நம் எம்.பி.யிடம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

கடைசியாகக் கடைக்காரச் சகோதரருக்கு ஒரு வார்த்தை. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும் காரணம் என்பது உறுதியான விஷயம். கடை முன்னால் சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பொட்டலங்களில் உங்களுக்குக் கிடைப்பது சில காசு. பரேலில் மருத்துவர்கள் ஒவ்வொரு உயிராக மீட்டெடுக்கப் போராடும்போது, இன்னொரு நோயாளியை அனுப்பி வைக்கும் வியாபாரம் நமக்கு எதற்கு? அது ஹலாலான சம்பாத்தியமா என்று உங்கள் மனசாட்சியையே கேளுங்கள். சரத்தை இன்றே அவிழ்த்தெறியுங்கள்!