காய்ச்சலோடு வகுப்பில் இருக்கும் பிள்ளை



செயின்ட்-மிஷேலில் எம்மவர் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில், ஆபிரிக்கக் கிராமங்களின் மாணவர்களுக்கு நுளம்புவலை வாங்கவென ஆளுக்கு இரண்டு டொலர் கேட்டிருந்தார்கள். இங்கு வந்து நான்கு மாதமேயான ஒரு தாய் அந்தக் கடிதத்தை எம்மிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். விளங்கியதும், "எங்கட வாடகைக்கே வழியில்லை, இதிலை ஆபிரிக்காவோ?" என்றார்.

அவரைக் குறைசொல்ல முடியாது. ஊரைக் கேட்டோம், முல்லைத்தீவுப் பக்கம். மலேரியா வந்ததோ என்றோம். "வராத ஆள் ஆர்?" என்று சிரித்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையன்று இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவராம். அதற்குமேல் சிரிக்கவில்லை.

மலேரியாவை நாம் மறந்துவிட்டோம். 1934-35இல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன நோய் இது. டி.டி.ரி. தெளித்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வென்றுவிட்டோம் என்று கையை விட்டதும் திரும்பி வந்தது. 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். யுத்தகாலத்து வன்னியை நாம் சொல்லத் தேவையில்லை. பின்னர் விடாது மருந்து தெளித்து, வலை கொடுத்து, காய்ச்சல்காரரைத் தேடித்தேடி இரத்தம் பார்த்ததில், 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழும் வழங்கியது.

ஆபிரிக்காவிலோ இன்னும் ஆண்டுக்கு ஆறு இலட்சம் பேரளவில் இறக்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆகவே வலையும் தடுப்பூசியும் முதலில் அவர்களுக்கே போகின்றன, அது நியாயமும்கூட. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இடையில் விடுபட்டுவிடுகிறது. வீட்டில் ஒரு வலை இருந்தால் அதற்குள் தாயும் கைக்குழந்தையும். கிருமி உடம்பில் இருந்தும் காய்ச்சல் காயாமல், இரத்தம் குறைந்து, சோர்ந்துபோய் வகுப்பில் இருக்கும் அப்பிள்ளையை ஆசிரியர் மொக்கு என்கிறார். அவனைக் கடிக்கும் நுளம்பு கிருமியை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகிறது.

இது படிப்பை எவ்வளவு கெடுக்கிறது என்று காட்டியோரில் இலங்கையரும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்துத் தீபிகா பெர்னாண்டோவும் சகாக்களும் மாணவரில் ஒரு பகுதியினருக்கு வாராந்தம் குளோரோகுயினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாக் குளிசையும் கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து குடித்த பிள்ளைகள் பாடசாலைக்குக் கூடுதலாக வந்தார்கள். மொழியிலும் கணிதத்திலும் கூடிய புள்ளி எடுத்தார்கள். நோய் மிகுந்த இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறித்த இடைவெளியில் மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2022இல்தான்.

இன்னொன்று. எம்மவரில் சிலர் மேற்கு ஆபிரிக்காவில் மாதக்கணக்கில் தங்கி வந்தவர்கள். சிலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். வந்து சில வாரங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தடிமன் என்று இருந்துவிடாதீர்கள். ஆபிரிக்காவில் கூடுதலாகக் காணும் வகை ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்தியாவிலுள்ள ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும்பும். இங்குள்ள வைத்தியருக்கு மலேரியா உடனே நினைவுக்கு வராது. எந்தெந்த நாட்டில் தங்கினீர்கள் என்று நீங்களாகவே சொல்லி, இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள். ஆலோசனைக்கு 811 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். வழியில் நின்ற நாடுகளைச் சொன்னால் அகதி வழக்குக்குப் பாதகம் என்று சிலர் பயப்படுகிறார்கள். வைத்தியர் தொழில் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.