மகாவலிக்கு ஒரு பொதுப் படகு

‘ஓர் ஆற்றின் தன்வரலாறு’ என்பது எம் பாடசாலைகளிற் கட்டுரைக்கென ஆண்டுதோறும் கொடுக்கப்பெறும் பழந்தலைப்பு. கண்டி மாணாக்கர் அத்தலைப்பைக் கண்டவுடன் மகாவலியையே எண்ணுவர். மலையிற் பிறந்தேன், சமவெளியில் நடந்தேன், கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலந்தேன் என்று குறைவற எழுதித் தருவர். முப்பது ஆண்டுகளாக இக்கட்டுரைகளைத் திருத்தி வருகின்றேன். ஆற்றின் நீளம் 335 கிலோமீற்றர் என்பதில் ஒருவரும் பிழைவிடுவதில்லை. ஆயினும் அந்நீரின்மேல் ஒரு நாழிகையேனும் சென்று மீண்டவன் எழுதியது இது என்று சொல்லத்தக்க கட்டுரை ஒன்றனையும் இதுவரை யான் கண்டிலேன்.

ஓடத்துக்குப் பெயர்களோ எம்மிடம் நிரம்ப உள. தோணி, அம்பி, பஃறி, புணை, பரிசில், நாவாய், வங்கம் என அடுக்கடுக்காக மனனஞ் செய்விக்கின்றோம். தண்டு வலித்தல் என்னுந் தொடர் வருமிடத்து, ‘வலி’ என்பது இழுத்தலையும் வன்மையையும் நோவையும் குறிக்கும் எனச் சொல்லி மேற்செல்கின்றோம். இம்மூன்று பொருளும் ஒரே கணத்தில் ஒருவனுடைய தோளிலும் முதுகிலும் வந்து கூடுவது படகிலேதான் என்பதைக் கரும்பலகையின் முன்னின்று எவ்வாறு விளக்குவது? கண்டியிலும் சூழவுள்ள ஊர்களிலும் இருக்கும் பாடசாலைகளும் பெற்றோரும் ஊரவரும் ஒன்றுகூடி, இலாபங் கருதாத படகோட்டச் சங்கம் ஒன்றை மகாவலிக் கரையில் நிறுவ வேண்டும் என்பதே இவ்வாரம் யான் வற்புறுத்த விழைவது. இலக்கியப் பகுதியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

மகாவலி கண்டி நகரை முப்புறமும் அணைத்துச் செல்வது. பேராதனையைக் கடந்து வடக்கே ஏறி, கட்டுகஸ்தோட்டையிற் கிழக்கே திரும்பி, லேவெல்ல, தென்னக்கும்புற வழியாக இறங்கும் அவ்வளைவே கண்டியரசர்க்கு இயற்கை தந்த அகழி. 1803ஆம் ஆண்டு யூன் மாதம், கண்டியிற் சரணடைந்த ஆங்கிலத் தளபதி மேஜர் டேவி, தம் படையினரோடும் ஆங்கிலேயர் முடிசூட்டிய முத்துசாமி என்னும் இளவரசனோடும் வட்டபுளுவைக் கரையை வந்தடைந்தார். ஆறு பெருகி ஓடியது, கடக்கத் தோணியில்லை. முத்துசாமி பிடித்துக் கொடுக்கப்பட்டுக் கொலையுண்டான். படையினரும் அக்கரை சேராமலே மாண்டனர். தோணியில்லாமையே அன்று அரசைக் காத்தது. அரசு போயிற்று, பேராதனையில் 1833இல் முதிரை மரத்தாற் பெரும்பாலம் எழுந்தது, அதன் பின் வாகனங்கள் வந்தன. எம்மவர் ஆற்றைக் கடக்கின்றனரேயன்றி ஆற்றொடு பழகுகின்றனரல்லர்.

இன்றைய ஆறு டேவி கண்ட ஆறும் அன்று. 1976இல் பொல்கொல்லையில் அணைக்கட்டு அமைந்து, நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக உக்குவெலைக்குத் திருப்பப்பட்டது. அணைக்கு மேற்புறம் நீர் தேங்கி மெல்ல நடக்கின்றது. கீழே 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை, பழைய தெல்தெனிய நகரையே மூழ்குவித்துத் திகனைப் பக்கத்தில் அகன்ற நீர்ப்பரப்பை உண்டாக்கிற்று. படகோட்டப் போட்டியின் முறையான தொலைவாகிய 2000 மீற்றருக்கு அங்கே இடம் தேடி அலைய வேண்டுவதில்லை.

இலங்கைக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. கொழும்புப் படகோட்டக் கழகம் 1864இலும், அடையாற்றங்கரைச் சென்னைப் படகுக் கழகம் 1867இலும் தோன்றின. 1898 முதல் இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்டு வருகின்றன. றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான படகுப் போட்டி 1962இல் தொடங்கியது. இவை மதிக்கத்தக்க மரபுகளே. ஆயினும் நீள ஆறு மலைநாட்டில் ஓட, தண்டு வலிக்குங் கலை பெரும்பாலும் கொழும்பு வாவியைச் சார்ந்தே வளர்ந்தமைக்குக் காரணம் என்னை? பொருள்தான். எண்மர் வலிக்கும் பந்தயப் படகு ஏறத்தாழ 17 மீற்றர் நீளமுடையது. விதிப்படி 96 கிலோவுக்குக் குறையாதது. அதனை வாங்குவதும், வைக்கக் கூடம் எழுப்புவதும் தோட்டப்புறத்துச் சிறு பாடசாலையொன்றால் ஒருநாளும் ஆகாது. தனித்தனியே முயன்றால் வசதியுள்ள இரண்டொரு கல்லூரிகளே படகு வைத்திருக்கும். ஏனைய பிள்ளைகள் கரையில் நின்று கைதட்டுவர். ஆதலாற்றான் ‘சங்கம்’ என்கின்றேன்.

படகு பொதுவுடைமையாதல் எம் அயலிலே பழைய வழக்கம். கேரளத்துப் பம்பையாற்றில் ஆறன்முளைப் பள்ளியோடம் ஒவ்வொன்றும் ஒரு கரைக்கு, அதாவது ஓர் ஊருக்கு உரியது. ஏறத்தாழ நூறு பேர் துடுப்பெறியும் அப்படகு செல்வர் ஒருவரின் வீட்டுப் பொருளன்று. அமெரிக்காவிற் பொஸ்தன் நகரத்துச் சார்ள்ஸ் ஆற்றில், ஹார்வர்ட் முதலிய பல்கலைக்கழகத்தார் படகு வலித்த அதே நீரில், எவரும் வந்து கற்கலாம் என்னுங் கொள்கையோடு 1985இல் இலாபங் கருதாத சங்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. அது அந்நகரத்துப் பொதுப் பாடசாலைச் சிறுமியர்க்கெனத் தனிப் பயிற்சியும் நடத்துகின்றது.

வாய்ப்பு எய்தினால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு சான்று போதும். மராட்டிய நாட்டு நாசிக் மாவட்டத்து நீர்வறண்ட சிற்றூரிற் பிறந்த தத்து போக்கனால், தந்தையோடு கிணறு வெட்டிப் பிழைத்தவர். 2012இல் இராணுவத்திற் சேர்ந்த பின்னரே அவர் இக்கலையைக் கற்றார். 2016இல் றியோ ஒலிம்பிக்கில் தனியொருவர் படகுப் போட்டியிற் 13ஆம் இடம் எய்தினார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகிற் பொற்பதக்கம் வென்ற குழுவில் ஒருவரானார். அவர் ஊரில் ஆறு நிரம்பி ஓடவில்லை. எம் ஊரில் ஓடுகின்றது.

பெற்றோர் அஞ்சுவர்; அஞ்சுதல் தகும். இந்நாட்டில் ஆண்டுதோறும் பல நூறு பேர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த பெருவெள்ளத்தைக் கண்டி மாவட்டம் மறக்க நெடுங்காலம் ஆகும். ஆனால் ‘ஆற்றுப் பக்கம் போகாதே’ என்று சொல்லி வளர்த்த பிள்ளையும் ஒருநாள் தோழரோடு குளிக்கப் போகத்தான் செய்கிறான். நீந்தவும் அறியாமற் போகிறான். சங்கத்தின் முதற்பாடம் நீச்சலாதல் வேண்டும். மிதவை அங்கி அணியாதவன் படகிற் கால்வைத்தலாகாது. பயிற்சியாளரின் காவற்படகு எந்நேரமும் உடன்செல்ல வேண்டும். அணைக்கட்டின் மதகு திறக்கும் வேளையை உரிய அதிகாரிகளிடம் அறியாமல் எவரும் நீரில் இறங்கலாகாது. மழைக்காலத்தில் ஆறு கலங்கி வரும் நாட்களிற் கரையிலேயே பயிற்சி நடக்கட்டும். இவற்றைச் செய்ய இயலாத சங்கம் தொடங்கப்படாமல் இருப்பதே நன்று.

இன்னொன்று, எனக்கு இதுவே முதன்மையானது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலேதான் அவ்வூர்கள் உள்ளன. எம் பிள்ளைகள் சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை எனப் பிரிந்து பதின்மூன்று ஆண்டுகள் படிக்கின்றனர். ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலே வளர்கின்றனர். நல்லிணக்கத்துக்கெனக் கூட்டங்கள் நடக்கின்றன. உரை முடிந்ததும் தேநீர் அருந்திக் கலைகின்றோம். படகின் நிலை வேறு. தண்டு வலிப்போர் போகுந்திசைக்கு முதுகு காட்டியே அமர்வர். வழி காண்பவன் சுக்கான் பிடித்தவன் ஒருவனே. அவன் எம்மொழியிற் கட்டளையிட்டாலும் நால்வரும் அதனை விளங்கிக்கொண்டாக வேண்டும். ஒருவன் தண்டு பிந்தினால் நால்வரும் தடுமாறுவர். இருமொழிக் கட்டளைச் சொற்கள் பத்துப் பன்னிரண்டை ஆசிரியர்களே இருந்து வகுத்துக் கொடுக்கலாம். எம் பண்டித நண்பர்களுக்கு இதைவிட இனிய சொல்லாக்கப் பணி கிட்டுமோ?

பரீட்சை கெடும் என்பர் சிலர். மாலையில் இரண்டு மணி நேரம் தனியார் வகுப்பில் நெருக்குண்டு இருக்கும் பிள்ளை, வாரம் இருமுறை ஆற்றங்கரைக்குச் சென்றால் என்ன கெட்டுவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை. சிறுமியரையும் முதல்நாள் தொட்டே சேர்த்தல் வேண்டும்; பிறகு பார்ப்போம் என்றால் அந்தப் ‘பிறகு’ வாராது.

பந்தயப் படகு இப்போது வேண்டா. எளிதிற் கவிழாத, நால்வர் வலிக்கும் அகன்ற பயிற்சிப் படகு ஒன்று போதும். கொழும்புக் கழகங்களிடம் பழையது ஒன்றைக் கேட்டுப் பெறவும் முயலலாம். ஐந்தாறு பாடசாலைகளின் அதிபர்களும், நீச்சல் கற்பிக்க வல்லார் இருவரும், கணக்கை ஒழுங்காக எழுதும் ஒருவரும் முன்வந்தாற் சங்கம் தொடங்கிவிடலாம். அப்படகுக்குப் பெயரிடுங்கால் எந்தப் பாடசாலையின் பெயரையும் அதன்மேல் எழுதலாகாது என்பதை மட்டும் முதற்கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.