கல்லூரியில் சேர்த்துவிட்டோம், கடமை முடிந்துவிட்டதா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள்வரை நம் வீடுகளில் ஒரே பரபரப்பு. கட் ஆஃப், கலந்தாய்வு, சாதிச் சான்றிதழ், கட்டணம் என்று அலைகிறோம். சீட் கிடைத்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பெருமூச்சு விடுகிறோம். அதன்பின் பிள்ளையின் படிப்பைப் பற்றி நாம் விசாரிப்பது பெரும்பாலும் முதல் பருவத் தேர்வின் முடிவு வந்த பிறகுதான். நம் சமுதாயம் கவனிக்கத் தவறும் காலம் இந்த இடைப்பட்ட ஐந்தாறு மாதங்கள்தாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்த மாணவர்கள் 4.33 கோடி, அவர்களில் முஸ்லிம்கள் சுமார் 21 லட்சம். அதாவது நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தமிழகத்தின் நிலை ஒப்பீட்டளவில் மேம்பட்டது. உயர்கல்விச் சேர்க்கையில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இது. 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் எல்லாம் சேர்ந்தவர்களின் கணக்கு. பாதியில் நின்றவர்களை நாம் மஹல்லாவில்தான் பார்க்கிறோம்: கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, பாஸ்போர்ட் எடுத்துக் காத்திருக்கும் தம்பி, 'படித்தது போதும்' என்று நிறுத்தப்பட்ட தங்கை.

இவர்கள் அறிவில் குறைந்தவர்களா? இல்லை. முதல் ஆண்டில் தடுமாறியபோது பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள்.

மதரஸாவில் ஓதி முடித்து, பிறகு கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்த நமக்கும் இந்தத் தடுமாற்றம் தெரியும். அரபு இலக்கண விதிகளைத் தடையின்றி ஒப்பித்த நமக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதக் கை வரவில்லை. புரியாததைக் கேட்டால் சிரிப்பார்களோ என்று வகுப்பில் வாயை மூடிக்கொண்டோம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இன்றும் அப்படித்தான் கடைசி பெஞ்சில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள்.

பள்ளியில் ஆசிரியர் வீட்டுக்குப் போன் செய்வார். கல்லூரியில் பெரும்பாலும் அப்படி இல்லை. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். பல கலை, அறிவியல் கல்லூரிகளில் 100 மதிப்பெண்ணில் 25 உள்மதிப்பீட்டுக்கு உரியது. அசைன்மென்ட், உள்தேர்வு, செமினார் ஆகியவற்றைத் தவறவிட்டால் அது போய்விடும். இதெல்லாம் தெரியாமல், 'முதல் வாரம் பாடம் நடக்காது' என்று பிள்ளையைத் திருமண வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். அறிமுக வகுப்பும் பிரிட்ஜ் கோர்ஸும் நடப்பதே அந்த நாட்களில்தான்.

ஜும்ஆவையும் இங்கே சொல்ல வேண்டும். தொழுகைக்காக வெளியே வரும் மாணவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால் வாரத்துக்கு அரை நாள் போகிறது. பருவத்துக்கு 90 வேலைநாட்கள் என்றால் விடுப்புக்கு இடமிருப்பது 22 நாட்கள். வெள்ளிக்கிழமைகள் மட்டுமே அதில் ஏழெட்டு நாட்களைத் தின்றுவிடும். முதல் வாரத்திலேயே துறைத் தலைவரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்டு, தொழுதுவிட்டு அடுத்த வகுப்புக்குத் திரும்புவதே முறை. மரியாதையோடு கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை.

அடுத்தது அரியர். ஒரு தாளில் தவறினால் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் ஆண்டு வீணாவதில்லை. அடுத்த பருவத்தோடு சேர்த்து எழுதிவிடலாம். ஆனால் வீட்டில் அதை 'ஃபெயில்' என்கிறோம். மகனிடம் 'அரபு நாட்டுக்குக் கிளம்பு' என்கிறார் அத்தா. மகளுக்கோ மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறோம். இதற்கு அஞ்சியே பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஒன்று மூன்றாகி, மூன்று ஆறாகிறது. முதல் அரியரை வீட்டில் தயங்காமல் சொல்ல முடிந்த பிள்ளை பெரும்பாலும் பட்டம் வாங்கிவிடும்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தனித்து விடவில்லை. ஒவ்வொரு முஹாஜிரையும் ஓர் அன்சாரியோடு சகோதரராக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் பின் ரபீஉ (ரழி). அவர்களோ அதை ஏற்காமல், கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும் என்றார்கள். புதிய ஊரில் பணத்தைவிட வழிகாட்டும் ஆள் பெரிது.

நம் ஜமாஅத்துகள் கல்விக் கட்டணத்துக்கு உதவுகின்றன. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. அதோடு, மஹல்லாவில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதி, அதே கல்லூரியிலோ அதே பாடத்திலோ படிக்கும் மூத்த மாணவர் ஒருவரை ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக்கலாம். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். மாதம் ஒருமுறை சந்தித்து வருகைப்பதிவு, உள்மதிப்பீடு, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கேட்டால் போதும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் விண்ணப்பித்தாயிற்றா என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோரே, இன்றிரவு உணவின்போது 'எவ்வளவு மார்க்?' என்று கேட்காமல், 'எந்தப் பாடம் புரியவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் எதுவானாலும் கோபப்படாமல் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை பிள்ளை தானாகவே வந்து சொல்லும்.