கரை ரோட்டுக்குத் தார் வேண்டாம்

திருச்சிக்கு வந்து போகிறவர்களுக்கு மலைக்கோட்டை தெரியும், ஸ்ரீரங்கம் தெரியும், முக்கொம்பும் கல்லணையும் தெரியும். இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்க்கிற ஆற்றங்கரைகளும் வாய்க்கால் கரைகளும்தான் யாருக்கும் தெரியாது. ஆடு ஓட்டிப் போகிறவர், வாழைக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர், கேரியரில் பால் கேன் கட்டிய சைக்கிள்காரர்... இவர்களைத் தவிர!

கப்பி கொட்டியும் கிராவல் அடித்தும் விட்ட இந்தக் கரை ரோடுகளைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை ஒன்றே ஒன்றுதான். "இதுக்கு ஒரு தார் போட்டா என்ன?" போடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் வெளியூர்க் கதை கொஞ்சம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சிறிய ஊர். அதைச் சுற்றியுள்ள ஃபிளின்ட் குன்றுகளில் தார் இல்லாத சரளை ரோடுகள் ஏராளம். 2006ல் அங்கே கொஞ்சம் பேர் சேர்ந்து அந்த ரோடுகளில் 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ., சைக்கிள் பந்தயம் ஆரம்பித்தார்கள். இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அதற்காக அந்த ஊருக்குப் போகிறார்கள். 2022ல் இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் கிராவல் சைக்கிளுக்கென்று முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. இதற்கென்று லட்ச ரூபாய்க்கும் மேல் விலை வைத்து 'கிராவல் பைக்' விற்கிறார்கள். அதில் என்ன விசேஷம் என்று பார்த்தால், முக்கியமானது டயர். பந்தய சைக்கிளின் மெல்லிய டயருக்குப் பதிலாக 40 மி.மீ. அகல டயர்.

நம் ஊர் அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய 28க்கு ஒன்றரை இஞ்ச் டயர் கிட்டத்தட்ட அதே அகலம்தான்! ஹெர்குலிஸ், அட்லஸ், ராலே என்று ஓடிய அந்தக் கறுப்பு சைக்கிள்கள் தார் ரோட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வண்டிப்பாதையிலும் வரப்போரத்திலும் நெல் மூட்டையோடு போவதற்கானவை. உலகம் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்கிற வண்டி நம் வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்து நிற்கிறது. (அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது 2020 ஜூன் 3ல். அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பது ஒரு கசப்பான வேடிக்கை.)

இனி திருச்சிக்கு வருவோம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் எல்லாம். கல்லணை அருகே இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. காவிரிப் படுகை மேடு, கொள்ளிடம் பள்ளம். தண்ணீர் பள்ளத்துக்கே ஓடித் தஞ்சைப் பக்கம் காய ஆரம்பித்ததால்தான் 1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டத் தொடங்கினார். இந்த மேடு பள்ளத்தைப் புத்தகத்தில் படிப்பதை விட சைக்கிளில் போனால் சுலபமாகப் புரியும். உத்தமர்சீலியில் ரோடு ஒரு தரைப்பாலத்துக்கு இறங்கும். பெருவெள்ளக் காலத்தில் காவிரித் தண்ணீர் அதன் மேல் ஏறித் தாண்டி, அந்தப் பக்கம் கொள்ளிடத்துக்குள் விழும். மிதிக்கிற காலுக்கு ஆற்றின் மட்டம் தெரிந்துவிடும்.

அந்தத் திருவானைக்காவல் - கல்லணை ரோடு நல்ல உதாரணமும் கூட. பனையபுரம், திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஒரு பக்கம் காவிரியும் ஒரு பக்கம் வாழைத் தோப்புமாகப் போகிற இதைவிட அழகான ரோடு மாவட்டத்தில் இருக்க முடியாது. ஆனால் தார் ரோடு. அகலமும் குறைவு. பஸ் வந்தால் சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஆடிப்பெருக்கும் வந்தால் கார்களுக்கு நடுவில் ஓரத்துக்கும் இடம் கிடையாது. தார் போட்ட கரைக்கு நேர்கிற கதி இதுதான்.

மேற்கே போனால் வேறு உலகம். தீவின் மேல்பக்கம் மேலூர் வழியாகப் போகிற பாதையில் வண்டிகளின் தொல்லை குறைவு. 2015ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. பூங்காவுக்கு வருகிற கார்கள் நின்றுவிட்ட பிறகு தோப்புகளுக்கு நடுவே மண் பாதைகள்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே வாத்தலையில் பெருவளை வாய்க்காலும் புள்ளம்பாடி வாய்க்காலும் பிரிகின்றன. சேலம் ரோட்டில் லாரிகள் அலறிக்கொண்டு போக, கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் கரையில் நீர்க்காகம் சிறகு காய வைத்துக்கொண்டிருக்கும். இன்னும் வடக்கே துறையூர், உப்பிலியபுரம் தாண்டினால் பச்சைமலையும் கொல்லிமலையும் கண்ணுக்கு முன்னால் எழும்பி நிற்கும். கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை. அது திருச்சியிலிருந்து 70 கி.மீ.க்கு மேல். அவ்வளவு தூரம் மிதிக்க எல்லோராலும் ஆகாது. துறையூர் வரை பஸ்ஸில் போய் வாடகை சைக்கிள் எடுக்கலாம் என்றால், வாடகை சைக்கிள் கடைகளே ஊருக்கு ஊர் மறைந்துவிட்டன.

இதெல்லாம் பொழுதுபோக்கு, இதற்கு எதற்கு இவ்வளவு வாதம் என்று கேட்கலாம். விஷயம் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் இடையே சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். பி.எச்.இ.எல்., பொன்மலை ஒர்க்‌ஷாப் என்று தொழிலாளிகள் சாரை சாரையாக சைக்கிளில் போன ஊர் இது. நாற்கர சாலை வந்தபோது அந்த சைக்கிளுக்கு ஓர் அடி இடம் கூட ஒதுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாக சைக்கிள் தருகிறது. 2001ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்த நல்ல திட்டம். சைக்கிள் கொடுத்தார்கள், சரி. அதை எங்கே ஓட்டுவது என்று யாராவது யோசித்தார்களா? லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணை அனுப்ப எந்த அம்மாவுக்கு மனசு வரும்? பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களை சைக்கிள் ஏற்றியது. அன்று அவர்கள் போன ரோடுகளில் இன்றைய போக்குவரத்து இருந்திருந்தால் அந்தக் கதை அப்படி நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

இங்கேதான் உய்யக்கொண்டான் வாய்க்காலை நினைக்க வேண்டும். ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து கிளம்பி, ஊருக்குள் நுழைந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை சுமார் 70 கி.மீ. போகிறது. நகரத்துக்குக் கிழக்கே, எந்த ரோட்டில் சர்வீஸ் லேன் இல்லை என்று சண்டையோ, ஏறத்தாழ அதே திசையில்! ஆயிரம் வருஷமாக ஒரு கரை அங்கே இருக்கிறது. நகருக்குள் சில இடங்களில் மாநகராட்சி நடைபாதை போட்டிருக்கிறது. மற்ற இடங்களில் குப்பையும் சீமைக் கருவேலும். அதைச் சுத்தம் செய்து, கிராவல் அடித்து, இரண்டு முனையிலும் சைக்கிள் மட்டும் நுழையும்படி கல் நட்டால் போதும். பாலம் கட்டுகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கல் நடுவது முக்கியம். கரை ரோட்டின் உண்மையான எதிரி மணல் லாரியும் பொக்லைனும்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928ல் கட்டி, புதுப் பாலம் வந்தபின் போக்குவரத்து ஓய்ந்திருந்த கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. சில நாளில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பழைய கட்டுமானம், வெள்ளத்தின் வேகம் என்று காரணங்கள் சொன்னார்கள். ஆற்றில் மணல் அள்ளியதையும் பலர் சொன்னார்கள். தார் போட்ட கரை மணல் வண்டிக்கும் ராஜபாட்டைதான். கிராவல் கரையில் பாரம் ஏற்றிய டிப்பர் நாலு நாள் ஓடினால் பள்ளம் விழுந்து ஊரே பார்த்துவிடும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கரையோர கிராமத்துக்காரர், "மழை பெய்தால் சேறு, ஆம்புலன்ஸ் வராது, நீங்க ஞாயித்துக்கிழமை சைக்கிள் விட வர்றதுக்கு நாங்க சேத்துல நடக்கணுமா?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஊருக்குள் வருகிற ரோடு தார் ரோடாகத்தான் இருக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஊரை மெயின் ரோட்டோடு இணைக்கிற பாதை வேறு, ஆற்றோடு ஓடுகிற கரை வேறு. இரண்டாவதைத்தான் விட்டுவைக்கச் சொல்வது. பாதுகாப்பு இன்னொரு கேள்வி. உடைந்த பாட்டில் கிடக்கிற, ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் பெண்கள் தனியாகப் போக மாட்டார்கள். ஆனால் நடமாட்டம் வந்தால்தான் பாட்டில் கூட்டம் இடத்தைக் காலி செய்யும். காலையும் மாலையும் நூறு பிள்ளைகள் போகிற பாதையில் உட்கார்ந்து குடிக்கத் துணிச்சல் வேண்டும்!

முள் விஷயத்துக்கு மட்டும் நல்ல பதில் இல்லை. கருவேல முள்ளும் நெருஞ்சியும் கரை முழுக்க உண்டு. அமெரிக்க சைக்கிள்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று திட்டுகிற முள் நம் நெருஞ்சியேதான். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் 2018லிருந்து அதைப் பிடுங்கிப் போடுவதையே திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். இங்கே திருவிழாவுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் முள் பிடுங்க யாரும் வரப்போவதில்லை. ஆகவே கரையில் இறங்குகிறவர் ஒரு ஸ்பேர் டியூபும் கைப்பம்பும் வைத்துக்கொள்வது நல்லது. மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் வாய்க்கால்களில் தூர் வாருகிற வேலை நடக்கும், பல இடங்களில் கரை அடைபட்டிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலும் ஆகாது. தண்ணீர் ஓடி, மழை ஓய்ந்து, கிராவல் இறுகியிருக்கிற மார்கழி, தை மாதங்கள்தான் போவதற்குத் தோது. விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் முக்கொம்பு போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஸ்ரீரங்கம் திரும்பிவிடலாம்.