கிங்காங் சண்டை நிஜமா, பொய்யா?



"பெரிய தாராசிங்குன்னு நினைப்பு!" என்று பிள்ளையை ஒரு தடவையாவது திட்டாத தாய் நம் தோட்டங்களில் உண்டா? சோற்றுத் தட்டை மூன்று முறை நீட்டினால் அவன் கிங்காங். சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து லயத்துப் பையனிடம் வம்புக்குப் போனால் அவன் தாராசிங். இந்த இரண்டு பெயரும் நம் பேச்சில் ஊறிப் போய்விட்டன. ஆனால் இவர்கள் ரத்தமும் சதையுமாக இதே மலாயா மண்ணில் நடமாடிய மனிதர்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கிங்காங் என்றால் அவர்களுக்குச் சினிமாக் குரங்குதான்.

ஆகவே இந்த வாரம் மல்யுத்தம் பேசுவோம். அக்காமார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் சங்கதி இருக்கிறது.

முதலில் கிங்காங். அவருடைய சொந்தப் பெயர் எமில் சாயா. அக்காலத்து ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில், இன்றைய ருமேனியாவில் சேர்ந்துவிட்ட ஊரில், 1909-ல் பிறந்தவர். கொடி கட்டிப் பறந்த நாளில் எடை 400 பவுண்டுக்குப் பக்கம். நம் கணக்கில் சொன்னால் மூன்றரை மூட்டை அரிசி எழுந்து நடந்து வருகிற மாதிரி! ஐரோப்பாவை விட்டு இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்து, கடைசியில் அதையே தன் ஊராக்கிக்கொண்டார்.

தாராசிங் வந்த வழி வேறு. அது நம் வழி. பஞ்சாபில், அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் கிராமத்தில் 1928-ல் பிறந்த விவசாயி மகன். இருபது வயதை ஒட்டிப் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். தகர டிரம் செய்யும் ஆலையில் வேலை. வேலை முடிந்த நேரத்தில் கிரேட் வோர்ல்ட் பூங்காவில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி. பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலாயா வீரர் என்ற பட்டத்தை வாங்கினார். ஊருக்குப் பணம் அனுப்ப வந்த கூலித் தொழிலாளி ஒருவர், கூலிக்கு வந்த ஊரிலேயே பேர் எடுத்துவிட்டார்.

அந்தப் பூங்காக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்று மூன்று 'உலகம்' இருந்தன. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா. பினாங்கில் ஸ்வாத்தோ லேன் பக்கம் ஒரு நியூ வோர்ல்ட். ஒரு மூலையில் ரோங்கெங் ஆட்டம், ஒரு மூலையில் சீன நாடகம், நடுவில் சினிமாக் கொட்டகை, அப்புறம் குத்துச்சண்டை, மல்யுத்தம். சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் எல்லாரும் ஒரே இரவில் ஒரே இடத்தில் கூடி நின்று கத்தக்கூடிய இடங்கள் அந்நாளில் அதிகமில்லை. அதில் இது ஒன்று.

குருண் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அங்கே போவது சும்மாவா? பட்டர்வொர்த் வரைக்கும் ரயிலோ பஸ்ஸோ, பிறகு ஃபெரி, பிறகு திரும்பி வர நள்ளிரவு, விடிந்தால் பெரட்டு. போதாக்குறைக்கு 1948-லிருந்து 1960 வரை அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஆக, நேரில் பார்த்தவர் பத்துப் பேர் என்றால், பார்த்தவர் வாயால் கேட்டவர் நூறு பேர். பார்த்துவிட்டு வந்தவருக்குக் கள்ளுக்கடையில் ஒரு மாதத்துக்கு ராஜ மரியாதை! தோட்டத்து ஜாகா பாய்க்கோ கேட்கவே வேண்டாம். பஞ்சாபியரை 'வங்காளி' என்று தப்பாகக் கூப்பிடுவது நம்மவர் வழக்கம். தாராசிங் ஜெயித்த வாரத்தில் அப்படிக் கூப்பிட்டாலும் அவர் சிரித்துக்கொண்டே போயிருப்பார்.

சரி, தலைப்புக்கு வருவோம். அந்தச் சண்டை நிஜமா, பொய்யா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். கொஞ்சம் யோசித்தாலே புரியும். 400 பவுண்டு ஆள் மெய்யாகவே நெஞ்சின்மேல் விழுந்தால் விலா எலும்பு மிஞ்சாது. மெய்யாகச் சண்டை போட்டவன் புண் ஆற வாரக்கணக்கில் படுக்க வேண்டும். இவர்களோ இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று, அதே இரண்டு பேர் திரும்பத் திரும்ப மோதினார்கள். சிங்கப்பூர், மலாயா, இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான் என்று கிங்காங் சுற்றாத இடமில்லை. 1955 நவம்பரில் தோக்கியோவில் ரிக்கிடோசானிடம் தோற்று ஆசிய வீரர் பட்டத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தவரும் இதே கிங்காங்தான். போரில் தோற்றுத் தலை குனிந்திருந்த ஜப்பானியர் தெருவோரத் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் கூடி நின்று, ரிக்கிடோசான் வெள்ளைக்காரர்களை அடிப்பதைப் பார்த்து அழுதார்கள். ரிக்கிடோசான் பிறப்பால் கொரியாக்காரர் என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1948-ல் மல்யுத்த முதலாளிகள் கூடிச் சங்கம் வைத்து, நாட்டையே பங்கு போட்டுக்கொண்டார்கள். நம் காட்டு வேலையில் ஆளுக்கொரு நிரை இருக்கிறதல்லவா? என் நிரையில் நீ கத்தி வைக்காதே, உன் நிரையில் நான் வைக்கமாட்டேன். அந்த ஏற்பாடுதான். நியூயார்க் நிரைக்கு மேடிசன் சதுக்க அரங்கம் தலைமை இடம். அந்த நகரத்தில் கூலி வேலை பார்த்த இத்தாலியருக்குப் புரூனோ சம்மார்த்தினோ என்ற இத்தாலிய வீரர் கிடைத்தார். சின்ன வயதில் ஜெர்மன் பட்டாளத்துக்குப் பயந்து தாயோடு மலையில் ஒளிந்து கிடந்து, எலும்பும் தோலுமாய் 1950-ல் அமெரிக்கா வந்து சேர்ந்த பையன் அவர். 1963 மே 17 அன்று அந்த அரங்கத்தில் 48 விநாடியில் பட்டத்தைப் பிடித்தார். 1971 ஜனவரி 18 அன்று 'ரஷ்யர்' ஐவன் கோலோஃப் என்பவரிடம் இழந்தபோது, அரங்கமே சாவு வீடு மாதிரி அமைதியானது என்பார்கள். அந்த ரஷ்யரோ அசல் கனடாக்காரர்! பெரிய ஊர், சின்ன ஊர் எதுவானாலும் சூத்திரம் ஒன்றுதான். புலம்பெயர்ந்து வந்து உழைக்கும் சனத்துக்கு அவர்கள் சாயலில் ஒரு வீரனைக் காட்டு, அவன் எதிரே அவர்களுக்குப் பிடிக்காத சாயலில் ஒருவனை நிறுத்து. டிக்கெட் தானாக விற்கும்.

பிறகு 1980களில் நியூயார்க் முதலாளி வின்ஸ் மக்மேன் நிரைக் கட்டுப்பாட்டை உடைத்து, தொலைக்காட்சி வழியாக நாடு முழுவதையும் வளைத்தார். 1985-ல் முதல் ரெஸில்மேனியா. 1989-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் வரி, கட்டுப்பாட்டுத் தொல்லையிலிருந்து தப்ப, "இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்குக் காட்சி" என்று அவருடைய நிறுவனமே ஒப்புக்கொண்டது. அத்தனை வருடம் காத்த ரகசியத்தை வரிக்காக விட்டுக் கொடுத்தார்கள். முதலாளி புத்தி!

அப்படியானால் நம் தாத்தாமார்கள் ஏமாந்தார்களா? பால் மரம் சீவிச் சம்பாதித்த காசை, பஸ் காசும் படகுக் காசும் சேர்த்துப் பொய்க்குக் கொட்டினார்களா? இப்படிக் கேட்டு அவர்களைக் கேலி செய்கிற பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு பழைய சங்கதி கேளுங்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் கேட்கவில்லை. எதிரே துரையோ உத்தியோகஸ்தரோ வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு வெள்ளைக்காரனைக் கடந்து போவதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது. பத்து வருடம்கூடப் போகவில்லை. ஒளி வெள்ளத்தில், ஆயிரக்கணக்கான பேர் முன்னால், மூன்றரை மூட்டைக் கனத்தில் ஒரு வெள்ளைக்காரன். அவனைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றிப் போடுகிறான், டிரம் ஆலையில் கூலி வேலை செய்த ஓர் இந்தியன். போலீஸ் வரவில்லை. வேலையை விட்டுத் தள்ளவில்லை. கைதட்டுகிறார்கள்!

கிங்காங் நம் துரை சாதியில்லை, ஆங்கிலேயரே இல்லை. ஆனால் அந்தக் கணக்கை அன்று யார் பார்த்தது? பீடோங் பக்கம் ஒரு பெரியவர், பால் வெட்டிக் கை காய்த்தவர், ஒரு முறை என்னிடம் சொன்னார்: "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுதுப்பா. வெள்ளைக்காரன் விழுந்தது நெசந்தானே?" அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திரௌபதி கூத்தில் துச்சாதனன் சேலையை இழுக்கும்போது மண்ணை வாரித் தூற்றும் பாட்டிக்கு, வேஷம் கட்டியிருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதா? தெரிந்துதான் தூற்றுகிறாள்.

மல்லுக்கட்டு நமக்குப் புதிதும் அல்ல. பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பெயர். அதனால்தான் அந்தக் கடற்கரை ஊர் மாமல்லபுரம். புறநானூற்றில் ஆமூர் மல்லனோடு பொருது வென்ற போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் வருகிறான். அவனை விரும்பிய நக்கண்ணையார் என்ற புலவர், மற்போர் பார்த்த ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒரு சாரார் அவன் வென்றான் என்றும் ஒரு சாரார் இல்லை என்றும் வாதாடியதைப் பாடியிருக்கிறார். கள்ளுக்கடை வாதம் அன்றைக்கே தொடங்கிவிட்டது பாருங்கள்.

இனி அக்காமார்களுக்கு. முடிவு பேசி வைத்தது என்பதால் வலியும் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த மேடை, இரும்புச் சட்டத்தின்மேல் பலகை அடித்து, மேலே மெல்லிய மெத்தையும் துணியும் போர்த்தியது. பலகை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், 'தடால்' என்று பெரிய சத்தமும் போடும். விழுகிறவன் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, தாடையை நெஞ்சோடு அணைத்து விழப் பல மாதம் பழகியிருப்பான். தூக்குகிறவனுக்குத் தூக்கப்படுகிறவனே துள்ளிக் கைகொடுப்பான். அதெல்லாம் பழகியும் கழுத்து முறிந்தவர்கள், முதுகெலும்பு தேய்ந்து படுக்கையானவர்கள் ஏராளம். நெற்றியில் வழியும் ரத்தம் பல நேரம் மெய்யான ரத்தமே. சின்னப் பிளேடுத் துண்டை மறைத்து வைத்துத் தாங்களே கீறிக்கொள்வார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுக் கட்டில் மேலிருந்து தம்பியின்மேல் குதிக்கிறார்களே, அங்கே சிமெண்டுத் தரைக்கு அமுங்கத் தெரியாது. தம்பிக்கு விழத் தெரியாது. பார்த்தவுடன் நிறுத்துங்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நமக்காவது 1951 முதல் ஊழியர் சேமநிதி இருக்கிறது. 1971 முதல் சொக்சோ இருக்கிறது; வேலையில் கை ஒடிந்தால் கேட்க ஓர் இடம் உண்டு. மல்யுத்தக்காரனுக்கு அன்றும் இல்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனத்தில் இன்றும் அவர்களைத் தொழிலாளி என்று கணக்கில் எடுப்பதில்லை, தனிக் குத்தகைக்காரர் என்றே ஒப்பந்தம். நிறுவனம் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறது. முழங்கால் அவனுடையது. ஆட்டத்தைப் பொய் என்று சிரிக்கிற தம்பிமார்கள் இதைப் பற்றி ஏன் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கிங்காங் அறுபது வயதை எட்டியும் தொழிலை விடவில்லை. 1970 மே மாதம் நம் நாட்டுச் சாலையில் நடந்த கார் விபத்தில் அடிபட்டு, சிங்கப்பூரில் உயிர்விட்டார். எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் தூக்கிப் போட்டும் எழுந்து நின்ற மனிதர்.

தாராசிங்குக்கு யோகம் இருந்தது. 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக வீரர் எனப்பட்டார். 1983-ல் ஓய்வு. இந்திப் படங்களில் கதாநாயகன், 2003-லிருந்து 2009 வரை இந்திய மேலவை உறுப்பினர். 2012 ஜூலை 12 அன்று மும்பையில் காலமானார். 1987-ல் தொடங்கிய தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமாராக வந்தவரும் அவர்தான். அதை வீடியோ கேசட்டில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட நம் பாட்டிமார்களில் எத்தனை பேருக்கு, இவர்தான் தம் புருஷன்மார் ஃபெரி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாய் ஓயாமல் பேசிய அந்த ஆள் என்று தெரிந்திருக்கும்?

பினாங்கு நியூ வோர்ல்ட் பூங்கா இருந்த இடம் இப்போது உணவுக்கடைகள். ஸ்வாத்தோ லேன் ஐஸ் கச்சாங்குக்கு நல்ல பேர். அடுத்த முறை பிள்ளைகளோடு போனால், ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.