நாணயம் என்னும் மூலதனம்

கிராமக் கடன் சங்கத்திற்கு நம் முன்னோர் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று பெயரிட்டனர். நாணயம் என்பது காசுக்கும் பெயர். சொல் தவறாமைக்கும் பெயர். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய அச்சங்கங்களில், ஈடு வைக்க ஏதுமற்ற குடியானவனுக்கு அயலாரின் ஜாமீனே கடன் பெற்றுத் தந்தது. மனிதனின் நேர்மையே அங்கு முதலாயிற்று.

அதற்கும் முன்னர், 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு என அவர்களது சரக்கு சொற்பமே. கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், கலப்பற்ற பண்டமும் குறையாத எடையுமே அக்கடையை வளர்த்தன.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தோம். ஏட்டில் கண்ட இருப்பைவிடப் பெட்டியில் 600 ரூபாய் குறைந்தது. காரியதரிசி எதையும் ஒளித்தாரில்லை. "அங்கத்தினர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவத்தில் ஆபத்து. நள்ளிரவில் எடுத்துக் கொடுத்தேன். கூலி வந்ததும் கட்டிவிடுவார்" என்றார். விசாரித்தோம், அவர் கூறியது மெய்யே. கமிட்டியாரும், "நல்ல காரியத்திற்குத்தானே, எழுதாமல் விடலாகாதா?" என்று வேண்டினர். நமது பேனா தயங்கியது உண்மை. ஆயினும் எழுதினோம். அந்நல்ல மனிதர் இன்றும் நம்மிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

இரக்கம் குற்றமன்று. தம் பணத்தைக் கொடுத்திருப்பின் அது தருமம். எவரையும் கேளாமல், சீட்டும் எழுதாமல் கொடுத்ததோ பிறர் பொருளால் செய்த தருமம். இன்று பிரசவத்திற்குத் திறந்த பெட்டி, நாளை கலியாணத்திற்கும் திறக்கும். அதன்பின் காரணமே வேண்டாது திறக்கும். பெருங் கையாடல்கள் பலவற்றின் முதல் ஏடு இத்தகைய நல்லெண்ணத்தோடுதான் தொடங்கியிருக்கக் காண்கிறோம்.

காரியதரிசியை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. மிச்ச நூலைத் திருப்பித் தராமல், துணியை ஈரமாக்கி எடை காட்டும் நெசவாளரும், மூட்டையின் நடுவே ஈரப் பருத்தியை வைத்துக் கட்டும் விவசாயியும் அதே பெட்டியில்தான் கை வைக்கின்றனர். எண்ணிப் பாராமல் இருப்புச் சரியென்று கையெழுத்திடும் அதிகாரியும் அவர்களுக்கு இளைத்தவர் அல்லர்; இதில் நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மகாசபையில், அவசர உதவிக்கென விதிகளுக்குட்பட்டுச் சிறு நிதி ஒன்றை வகுக்கத் தீர்மானம் கொணருங்கள். நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, இரக்கத்திற்கும் நேர்மைக்கும் இடையே ஒரு காரியதரிசி தனியே நின்று தவிக்கலாகாது. நாணயத்தைக் காப்பது அவர் ஒருவரின் கடமையன்று; சங்கம் முழுவதன் கடமையாகும்.