பர்கூர்ப் பட்டியைக் கேட்காமல் வந்த சட்டம்



உச்ச நீதிமன்றம் காடுகளைக் காப்பாற்றிய கதையைப் பத்திரிகைகள் அவ்வப்போது பெருமையோடு எழுதுகின்றன. அதில் பெரும்பகுதி உண்மைதான். கூடலூர்ப் பக்கம் தன் முன்னோர் வசமிருந்த காடு அழிவதைப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று உத்தரவு வந்தது: பட்டா யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை கூடாது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் வறட்டுப்பள்ளம் அணைக்குத் தண்ணீர் பர்கூர் மலையிலிருந்துதான் வருகிறது. காடு போனால் அந்தியூரில் வெள்ளாமையும் போய்விடும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

என் ஆட்சேபம் வேறு. வழக்குப் போட்டவர் 2016இல் காலமாகிவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பைச் சொல்லி வழக்குக் கட்டை மூடிவைக்காமல், மனு மேல் மனுவாக வாங்கி, உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டு நாட்டின் காடுகளை நீதிமன்றமே மேற்பார்வை பார்க்கிறது. அங்கே இரண்டு மூன்று நீதிபதிகள் சொல்வது, அரசியலமைப்பின் 141ஆவது பிரிவின்படி, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம். சட்டசபையில் ஒரு சட்டம் வந்தால் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைக் கல்யாண வீட்டிலாவது பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இந்தச் சட்டத்துக்கு யாரைக் கேட்பது?

இப்படி வரும் உத்தரவுகள் தப்பாமல் இருப்பதும் இல்லை. 2022 ஜூன் 3 அன்று, சரணாலயம், தேசியப் பூங்கா ஒவ்வொன்றைச் சுற்றியும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம் வேண்டும், அதற்குள் புதிதாக நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இடுக்கியிலும் வயநாட்டிலும் கடையடைப்பு நடந்தது. எல்லா ஊருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 2023 ஏப்ரல் 26 அன்று திருத்திக்கொண்டது. திருத்தியதற்கு நன்றி. முன்னமே அந்த ஊர்க்காரர்களை அழைத்துக் கேட்டிருந்தால் பத்து மாதத்துக்கும் மேலாக அவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டாம்.

எங்கள் மலைக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்நோம்பிச் சந்தைக்கு வந்தவர்கள் பர்கூர்ச் செம்மறை மாட்டைப் பார்த்திருப்பார்கள். செவலை உடம்பில் வெள்ளைத் திட்டு. புது ஆள் கிட்டே போனால் மிரண்டு கயிற்றை இழுக்கும். கட்டுத்தரையில் தீனி போட்டு வளர்க்கிற மாடு அல்ல அது. காட்டுக்குள் பட்டி போட்டு, பகலில் மேய விட்டு, சாயங்காலம் கன்றின் குரலுக்குத் திரும்பி வருகிற மாடு. பட்டியில் சேரும் எருவை வாங்கித்தான் கீழ்நாட்டுத் தோட்டங்கள் பலவும் பண்ணையம் பார்க்கின்றன. மலையில் லிங்காயத்துகளும் சோளகர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தொழில் இது. வனத்துறையே காசு வாங்கிக்கொண்டு மேய்ச்சலுக்குச் சீட்டுக் கொடுத்த காலமும் உண்டு.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது. தேனி மாவட்டத்து மேகமலையைப் பற்றி வந்த வழக்கு அது. எதிர்ப்பு வந்ததும், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று அந்த மாதமே சுருக்கிக்கொண்டார்கள். எங்கள் மலை அப்போது சரணாலயம் அல்ல, தப்பித்தோம் என்றிருந்தோம். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் சுமார் 80 ஆயிரம் எக்டேர் காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக மாநில அரசு அறிவித்தது. மேகமலை வழக்கின் கயிறு பர்கூர் மாட்டின் கழுத்துக்கு வந்து சேர்ந்த விதம் இதுதான். வன உரிமைச் சட்டப்படியான உரிமைகளுக்குப் பாதகம் வராது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அந்த உரிமையைத் தாளில் கொடுத்திருந்தால் அல்லவா பாதகம் வருகிறதா இல்லையா என்று பார்க்கலாம்?

2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. ஆனால் உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது முடங்கியது. உச்ச நீதிமன்றம் அதை நீக்க 2016 ஆனது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத லிங்காயத்துக் குடும்பம் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 1930இல் மாடு மேய்த்த பாட்டன் எந்த ரசீதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருப்பான்?

அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு ஏற்றதுதானா என்று கேட்டு 2008இல் போன வழக்கும் உச்ச நீதிமன்றத்தில்தான் கிடக்கிறது. அதில் 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் சம்பந்தப்பட்ட விஷயம். நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகு பிப்ரவரி 28 அன்று நிறுத்தி வைத்தார்கள். மூலக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை விடை இல்லை. அரசியலமைப்பின் பொருள் பற்றிய முக்கியக் கேள்வியைக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து தீர்க்க வேண்டும் என்று 145(3) பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தின் தலைவிதியை விட முக்கியக் கேள்வி வேறென்ன? துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது மாட்டுச் சந்தைக்குச் சரி. மலையில் குடியிருப்பவனுக்குக் கடைசிவரை விலை தெரியாமலே பேரம் நடப்பது அநியாயம்.

புலியும் யானையும் வேண்டாம் என்று மலையில் யாரும் சொல்லவில்லை. மாடு போகாத இடத்தில் உண்ணிச்செடி மண்டி, கோடையில் தீ பிடித்தால் அணைக்க முடிவதில்லை என்று அவர்கள் சொல்வதை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். அது தவறாகவே இருக்கட்டும், தவறு என்று சொல்லவும் முதலில் கேட்டாக வேண்டுமே.

அப்படிக் கேட்கும் வழி உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியாததும் அல்ல. ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காகப் பாக்சைட் வெட்டுவதா வேண்டாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று, கிராம சபைகளே சொல்லட்டும் என்று அது தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதிகள் உடன் உட்கார்ந்து கவனிக்க, 12 கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது. நான் படித்தவரையில் அரசியலமைப்பை எளிய மனிதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த தீர்ப்பு அது.

அதையே இங்கேயும் செய்யச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு வழக்கை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பி முடிக்கட்டும். அதுவரை மேய்ச்சலைத் தடுக்கும் எந்த உத்தரவும் அந்தந்த ஊர்க் கிராம சபையைக் கேட்காமல் அமலுக்கு வரக் கூடாது. மாநில அரசும் சரணாலயம் என்று அறிவித்ததோடு கையைக் கழுவாமல், நீதிமன்றத்தில் போய் இதைச் சொல்ல வேண்டும். ஈரோட்டிலிருந்து மாவட்ட நீதிபதி காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பர்கூர் வந்துவிடலாம். மலையில் பலர் வீட்டில் பேசுவது கன்னடம். மொழிபெயர்க்க ஒருவரையும் கூட்டி வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்.